தேய்த்தால் போகாத கறுப்பு

1

போன குளிர்காலம் முடியும் சமயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகள் மேகாவைக் குளியல் தொட்டியின் மேல் குனியவைத்துத் தலையை எண்ணெய் போக அலசிக்கொண்டிருந்தேன். பதின்மூன்று வயதுப் பெண் அம்மாவின் கைக்குத் தலையைக் கொடுப்பதே எப்போதாவதுதான். ஸ்காட்லாந்தில் அபெர்தீன் என்கிற இந்தக் கடலோர நகரத்துக்கு நாங்கள் வந்தபோது அவள் கைக்குழந்தை. வருஷத்தில் பாதி நாள் இங்கே பிள்ளைகளைக் கழுத்துவரை மூடிய உடுப்பில்தான் பார்க்க முடியும். அதனால்தானோ என்னவோ, அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. பின்கழுத்தில், முடி தொடங்கும் இடத்துக்குக் கீழே, கரித்துணியால் இழுத்துவிட்டதுபோல் ஒரு கறுப்புப் பட்டை.

"என்னட்டி அழுக்கு இது, நல்லா தேச்சுக் குளிக்க மாட்டியா?" என்று கேட்டுக்கொண்டே பயத்தமாவை எடுத்துத் தேய்த்தேன். போகவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தேன். சுற்றியிருந்த தோல் சிவந்தது, கறுப்பு அப்படியே இருந்தது. தொட்டால் வெல்வெட் துணிபோல் தடிப்பாக இருந்தது.

மேகா என் கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். அது அழுக்கு இல்லை என்று ஆங்கிலத்தில் கத்தினாள். எத்தனையோ மாதமாகத் தானே தேய்த்துப் பார்த்துவிட்டாளாம். சோப்பு, உப்பு, எலுமிச்சை, பல் தேய்க்கும் பேஸ்ட்கூட. ஈரத்தலையோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் ஏன் முடியைப் பின்னிக்கொள்ளாமல் விரித்தே போட்டிருந்தாள், நீச்சல் வகுப்பு நாளில் மட்டும் ஏன் வயிற்றுவலி வந்தது என்பதெல்லாம் எனக்கு அந்தக் கதவுக்கு வெளியே நின்றபோதுதான் விளங்கியது. பிறகும் அது ஏதோ தோல் சமாச்சாரம், இந்த ஊர்க் குளிருக்கு வந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். பயம் அன்றைக்கு வரவில்லை.

2

பயம் அந்த வாரமே தொலைபேசியில் வந்தது. நான் ஒரு மழலையர் காப்பகத்தில் வேலை செய்கிறேன். ஒரு குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது மேகாவின் பள்ளியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். உங்கள் மகளின் கழுத்தைப் பார்த்தேன், மருத்துவரிடம் காட்டுவது நல்லது என்றாள். பிறகு குரலைத் தணித்து, உங்கள் குடும்பத்தில் யாருக்காவது நீரிழிவு உண்டா என்று கேட்டாள்.

பதற்றம் வந்தால் என் ஆங்கிலம் நாகர்கோவிலுக்குத் திரும்பிப் போய்விடும். "என் அண்ணனுக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது" என்று அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் சற்று யோசித்துவிட்டு, உங்கள் அண்ணனுக்கு வேலையில் நெருக்கடியா என்று பரிவோடு கேட்டாள். ரத்த அழுத்தத்தை 'பிரஷர்' என்று இங்கே யாரும் சொல்வதில்லை. இன்னொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். நான் தொடர்ந்து, மேகா வயிற்றில் இருந்தபோது எனக்கும் சர்க்கரை வந்தது, பெற்றபின் போய்விட்டது என்றேன். நர்ஸ் "ஓ" என்றாள். அந்த ஒரு எழுத்துக்குள் என்ன இருந்தது என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்தேன். எனக்கு ஒரே அண்ணன், பெயர் தாணு. அஞ்சுகிராமத்தில் உரக்கடை வைத்திருக்கிறான். படம் ஒன்றில் அவன் குனிந்து என் தட்டில் பழம் வைக்கிறான். சட்டைக் காலருக்கும் முடிக்கும் நடுவே அதே கறுப்புப் பட்டை. அன்றைக்கு அதைப் பார்த்தவர்கள் எல்லோரும், கடை வாசலில் வெயிலில் நிற்கிறான் அல்லவா, அதுதான் என்றார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

அந்த அண்ணனுக்கு இப்போது இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு மூன்று முறை நாகர்கோவிலுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறான். வயது ஐம்பதுகூட ஆகவில்லை.

அவனுக்கு என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன், ஊரில் இதைப் படிப்பவர்கள் சிலருக்கு இது பழக்கப்பட்ட பாதையாக இருக்கலாம். எங்கள் அப்பா விவசாயி. தட்டில் மலையாகச் சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு, வயலுக்கும் வீட்டுக்குமாக நாள் முழுக்க நடப்பார். அண்ணனின் தட்டிலும் அதே மலைதான். ஆனால் அவன் பைக்கில் கடைக்குப் போவான், நாற்காலியில் உட்காருவான், பைக்கில் திரும்பி வருவான். இடையில் சீனி போட்ட சாயாவும் பழம்பொரியும். கடை அடைத்துவிட்டு வரும்போது பொரோட்டா. முப்பத்தைந்து வயதுக்குள் சர்க்கரை என்று கண்டுபிடித்தார்கள். மாத்திரை போட்டான், அளவு குறைந்தது, சரியாகிவிட்டது என்று நிறுத்தினான். யாரோ கொடுத்த பொடியைக் கலக்கிக் குடித்தான். பிரஷருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். தலைசுற்றலே இல்லையே, எதற்கு மாத்திரை என்று அதையும் விட்டான். இரண்டும் சேர்ந்து உள்ளே என்ன செய்தன என்பது கால் வீங்கி முகம் ஊதியபோதுதான் தெரிந்தது. ஒரு நோவு இன்னொரு நோவைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிவந்ததுபோல்.

அப்பா காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. அப்பாவின் ரத்தத்தை யாரும் எடுத்துப் பார்த்ததே இல்லை. அறுபது வயது ஆகுமுன் ஒரு நாள் வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. படுக்காமல் கிடக்காமல் போனார், நல்ல சாவு என்றார்கள் ஊரில். ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்த நல்ல சாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

அஞ்சுகிராமமாக இருந்தால் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து லேபில் காலையில் ரத்தம் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் முடிவை வாங்கிவிடலாம். இங்கே முதலில் மருத்துவரின் வரவேற்பறைக்குக் காலையில் தொலைபேசியில் கூப்பிட்டு, பாட்டு கேட்டுக்கொண்டே வரிசையில் காத்திருக்க வேண்டும். என் முறை வந்தபோது வரவேற்பறைப் பெண் என்ன தொந்தரவு என்று கேட்டாள். மகளின் கழுத்து கறுத்துவிட்டது என்றேன். அடிபட்டதா என்றாள். இல்லை. வலி இருக்கிறதா? இல்லை. காய்ச்சல்? இல்லை. அப்படியானால் அவசரம் இல்லை என்று சொல்லி மூன்று வாரம் தள்ளி ஒரு நாள் கொடுத்தாள். கடைசியில் அவள் "ஒரு வீ டெஸ்ட் எடுப்பார்கள்" என்றாள். இந்த ஊரில் 'வீ' என்றால் சின்ன என்று அர்த்தம். குழந்தைகள் அதே சொல்லைச் சிறுநீருக்கும் சொல்வார்கள். இத்தனை வருஷம் இங்கே இருந்தும், பதற்றத்தில், சிறுநீர் சோதனையா, அப்படியென்றால் கிட்னியா என்று கேட்டுவிட்டேன். அவள் குழம்பிப்போய், இல்லை அம்மா, ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை என்றாள்.

என் கணவர் கடலுக்குள் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கிறார். போனால் சில வாரம் கழித்துத்தான் கரைக்கு வருவார். "நீயா ஒண்ண நினைச்சுப் பயப்படாத. நான் சீக்கிரம் வாறேன்" என்று தொலைபேசியில் சொன்னார். அவர் குரலும் சரியாக இல்லை.

அந்த ஞாயிறு அண்ணனை வீடியோவில் கூப்பிட்டேன். கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தான். அவன் மனைவி, என் மைனிதான் போனைப் பிடித்திருந்தாள். நலம் விசாரித்துவிட்டு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நேராகக் கேட்டேன்.

"அண்ணே, ஒனக்கு அந்தக் கழுத்துக் கறுப்பு எப்பம் வந்துச்சு?"

"இது என்னட்டி கேள்வி?" என்று சிரித்தான். "எட்டாங் கிளாஸ் படிக்கும்போ இருந்தே உண்டு. நம்ம அம்மை தேங்காச் சவுரி நார வச்சுத் தேச்சு ரத்தமே வர வச்சாளே, நெனவில்லியா?"

"மேகாவுக்கு இருக்குண்ணே."

சிரிப்பு அப்படியே நின்றது. மைனி போனைத் தன் பக்கம் திருப்பி, "நல்லாப் பாத்தியா? வெயில் பட்டதா இருக்கும் பிள்ளே" என்றாள். அபெர்தீனில் எந்த வெயில்?

அண்ணன் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டான். "ஏட்டி, உடனே ரத்தத்த எடுத்துப் பாரு. என்னய மாதிரி விட்டுராத. கிட்னி போன பொறவு நான் மனுசனே இல்ல கேட்டியா. ரத்தம் பூராத்தையும் வெளிய எடுத்து மெசின்ல ஓட்டி உள்ள விடுகான். வெளிய வரும்போ எழும்பி நிக்க ஏலாது. தண்ணி குடிக்கணும்னாலும் அளந்து குடிக்கணும். பச்சப்பிள்ளைக்கு இது வரப்பிடாது." சொல்லிக்கொண்டே வந்தவன் அழுதுவிட்டான். அண்ணன் அழுது அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

மேகா அப்போது மாடிப்படியில் உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டியிருந்தாள். எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள். மாமா என்ன சொன்னார் என்று கேட்டால் தோளைக் குலுக்குவாள். அவளுக்கு அண்ணனின் தமிழ் புரியாது என்று நான் நினைத்திருந்தேன்.

4

அடுத்த நாளே சமையலறையைக் காலி செய்தேன். ஊரிலிருந்து வந்திருந்த நேந்திரங்காய்ச் சிப்ஸ், முந்திரிக்கொத்து, இங்கே வாங்கிய பிஸ்கட், ஜூஸ் எல்லாம் வெளியே போயின. மேகாவுக்குச் சோற்றைக் கரண்டியால் அளந்து போட்டேன். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பாதியை மிச்சம் வைத்தாள். நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். மத்தியானம் பள்ளியில் சாப்பிட்டுவிட்டேன் என்பாள். காலையில் நேரமாகிவிட்டது என்று ஓடுவாள். வாரம் ஒன்று போனபோது முகம் சின்னதாகியிருந்தது. நல்லதுதான் என்று நினைத்தேன்.

பள்ளியில் ஓட்டப் பயிற்சியின் நடுவே அவள் விழுந்துவிட்டாள் என்று காப்பகத்துக்குத் தொலைபேசி வந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள், நேராக மருத்துவமனைக்கு வாருங்கள் என்றார்கள். டாக்ஸியில் போகிற வழியெல்லாம் என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். வந்துவிட்டது. நாங்கள் பார்க்குமுன்பே வந்துவிட்டது. டாக்ஸி ஓட்டியவர் எதையோ பேசிக்கொண்டே வந்தார். ஒரு சொல்கூட எனக்குள் போகவில்லை.

திரை போட்ட ஒரு சிறிய இடத்தில் மேகா படுத்திருந்தாள். கையில் ஊசி குத்தி, ஒரு பையிலிருந்து தண்ணீர்போல் எதுவோ சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு எந்திரம் பீப் பீப் என்றது. என்னைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது. அந்தக் குழாயைக் காட்டி, தமிழில் கேட்டாள்.

"அம்மா, மெஷின்ல என் ரத்தத்த ஓட்டிட்டாங்களா?"

எந்த மெஷின் என்று கேட்டேன்.

"மாமா சொன்னாங்கள்ல. ரத்தம் பூரா வெளிய எடுத்து..." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் சாப்பிடவே இல்லம்மா. சாப்பிடலைன்னா வராதுன்னு நினைச்சேன்."

மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தெரியாத சொற்களைப் போனில் தேடியிருக்கிறாள். டயாலிசிஸ் படங்களைப் பார்த்திருக்கிறாள். யாரிடமும் சொல்லாமல், தண்ணீரையும் மாமா மாதிரி அளந்து குடித்திருக்கிறாள். எங்கள் பேச்சுக்குள்ளேயே அவள் இருந்தாள், நாங்கள்தான் அவளைச் சேர்க்காமல் பேசியிருக்கிறோம். கட்டிலில் ஏறி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் மருத்துவர் வந்தார், என் வயதுப் பெண். நாற்காலியை இழுத்துப்போட்டு, என்னைப் பார்க்காமல் மேகாவைப் பார்த்துப் பேசினார். நீ விழுந்தது பசியாலும் தண்ணீர் போதாததாலும். அது வெறும் உப்புத் தண்ணீர், உன் ரத்தத்தை யாரும் எடுத்து ஓட்டவில்லை. உன் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. ஆனால் ரத்தத்தில் சர்க்கரை இருக்கவேண்டிய இடத்தைவிட ஒரு படி மேலே இருக்கிறது. நோய் இல்லை, நோய்க்குப் போகிற பாதை. கழுத்தில் இருப்பது அதன் அடையாளம், உன் உடம்பு இன்சுலினை அதிகமாகச் சுரந்தும் அது சரியாக வேலை செய்யவில்லை என்று தோல் சொல்கிறது.

"திரும்பி வர முடியுமா?" என்று மேகா கேட்டாள்.

பெரும்பாலும் முடியும் என்றார் மருத்துவர். பட்டினி கிடந்து அல்ல. சாப்பிட்டு, நடந்து, தூங்கி. பிறகுதான் என் பக்கம் திரும்பி, குடும்பத்தில் யாருக்கெல்லாம் சர்க்கரை என்று விசாரித்தார். மாமாவுக்கு இருக்கிறது, உங்களுக்குக் கர்ப்பத்தில் வந்தது, அதனால் இவளுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல், அதை மாற்ற முடியாது. மாற்ற முடிந்ததை வீட்டில் எல்லோரும் சேர்ந்து மாற்றுங்கள், இவளை மட்டும் தனியாக உட்காரவைத்து அல்ல. உங்களுக்குக் கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தார்கள்?

போன வருஷம், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார்கள் என்றேன். மேகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

5

பிறகு நடந்ததெல்லாம் பெரிய சாகசம் இல்லை. கணவர் கரைக்கு வந்தார், மேகாவின் அறைக் கதவில் சாய்ந்து வெகுநேரம் நின்றார். சோறு தட்டில் இருக்கிறது, மலையாக இல்லை, பக்கத்தில் பயறும் கீரையும் முட்டையும். ஊரிலிருந்து வருகிறவர்கள் சிப்ஸ் கொண்டுவந்தால் பிரித்து எல்லோரும் கொஞ்சம் தின்கிறோம், ஒளித்துவைப்பதில்லை. சாப்பிட்டு முடித்ததும், அவர் கரையில் இருந்தால் மூன்று பேரும், இல்லாவிட்டால் நாங்கள் இருவரும் கடற்கரைப் பக்கம் நடக்கிறோம். இங்கே கடல்காற்று முகத்தில் அறையும், மழை பக்கவாட்டில் அடிக்கும். மேகா முன்னால் போவாள், எங்களோடு வருகிறவள் இல்லை என்பதுபோல். ஆனால் நடப்பாள். நீச்சல் வகுப்புக்குத் திரும்பப் போகிறாள். கழுத்தைப் பற்றி யாரோ ஒரு பெண் ஏதோ சொன்னாளாம், மேகா அது என்னவென்று விளக்கினாளாம். அவளாகச் சொல்லித்தான் தெரியும்.

பயம் போகவில்லை. அவள் இரண்டாவது முறை தண்ணீர் குடித்தால் சர்க்கரைத் தாகமா என்று பார்க்கிறேன். தட்டில் மிச்சம் வைத்தால் பட்டினியா என்று பார்க்கிறேன். முன்பு ஒரு பக்கம் பயந்தேன், இப்போது இரண்டு பக்கமும். சில நாள் அவளே, "அம்மா, ஸ்டாப் லுக்கிங்" என்பாள்.

ஊரிலும் ஒன்று நடந்தது. அண்ணன் தன் மகனைக் கூட்டிப்போய் ரத்தம் பார்க்கவைத்தான். கல்லூரியில் படிக்கிற பையன், பார்க்க ஒல்லி. எனக்கென்ன என்று சண்டை போட்டிருக்கிறான். முடிவு வந்தபோது அவனுக்கும் ஒரு படி மேலே. "ஒல்லியா இருந்தா வராதுன்னு யாருட்டி சொன்னது, நம்ம குடும்பத்துல?" என்று அண்ணன் என்னிடம் கத்தினான். யாரிடம் கத்துவது என்று தெரியாத கத்தல் அது. இப்போது கடைக்கு உரம் வாங்க வருகிறவர்கள் குனிந்து மூட்டையைத் தூக்கும்போது அண்ணனின் கண் அவர்கள் கழுத்துக்குப் போகிறதாம். ஒருவரிடம் சொல்லியும்விட்டான். அவர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார் என்று மைனி சொன்னாள். "போட்டும். ரெண்டு நாள் யோசிச்சா லேபுக்குப் போவாம்லா" என்று பின்னாலிருந்து அண்ணனின் குரல் கேட்டது.

6

மேகாவுக்கு இரண்டாவது பரிசோதனை இலையுதிர்காலம் தொடங்கியபோது நடந்தது. முடிவைக் கேட்க நான் தொலைபேசியை எடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். "என் ரத்தம்தானே" என்றாள். பெயரும் பிறந்த தேதியும் சொன்னாள், காத்திருந்தாள், கேட்டாள். நான் சமையல்மேடையைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டு, கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றாள். முழுசாக இல்லை, ஆனால் இறங்கியிருக்கிறது. ஆறு மாதம் கழித்து மறுபடி.

நான் உட்கார்ந்து அழுதேன். அவள் அண்ணனின் எண்ணைத் தானாகவே அழுத்தினாள்.

மைனி எடுத்தாள். "அவிய டயாலிசிஸ்ல கிடக்காவ மக்களே, பொறு, போன அங்க கொண்டு குடுக்கேன்" என்றாள். திரையில் ஆஸ்பத்திரிக் கூரை ஆடியது, பிறகு அண்ணனின் முகம் வந்தது. போர்வைக்கு வெளியே ஒரு கை, அதில் இரண்டு குழாய்கள். மேகா அதைப் பார்த்தாள். நான் போனை வாங்கப் போனேன், அவள் கொடுக்கவில்லை.

"மாமா, எனக்கு இன்னும் வரல" என்றாள் தமிழில்.

அண்ணன் சிரித்தான், கண் நிறைந்திருந்தது. "நல்ல காரியம் மக்கா. ஆனா தமிழ்ல அப்படிச் சொல்லப்பிடாது. 'இன்னும்'னு சொன்னா இனிமே வரப்போகுதுன்னு ஆயிரும். 'வரல'ன்னு மட்டும் சொல்லு."

மேகா யோசித்தாள். அவளுக்குச் சொல் தேட நேரம் வேண்டும் என்று நினைத்து, நான் அவள் காதில் சொல்லிக்கொடுக்கக் குனிந்தேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"இல்ல மாமா. தெரிஞ்சுதான் சொன்னேன். இன்னும் வரல."

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகத் தலையை அசைத்தான்.

"ஆமா மக்கா. சரிதான். இன்னும் வரல."